வெளியே போன நேரம்

வேலை கிடைக்காத வருத்தம் தமிழ்வாணனுக்கு ஒன்பது வருஷத்தில் பழகிப்போயிருந்தது. வேலை தேடவில்லை என்பதை யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயம்தான் பழகவே இல்லை.

காரணம் இருந்தது. வேலையில்லாமல் வருஷக்கணக்காகப் பதிந்து வைத்துவிட்டுக் காத்திருப்பவர்களுக்கு அரசாங்கம் கொஞ்சம் உதவித்தொகை கொடுத்து வந்தது. அதை வாங்குகிறவன் சும்மா உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்று அவன் பதிந்திருந்த வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்த ஓர் அதிகாரிக்குத் தோன்றிவிட்டது. மற்ற ஊர்களில் இந்த வழக்கம் உண்டா என்று தெரியாது. இங்கே மாதாமாதம் ஒரு தாளைக் கொடுத்தார்கள். மூன்று கம்பெனிகளின் வாசலுக்குப் போய் வேலை கேட்டு, 'காலியிடம் இல்லை' என்று முத்திரை வாங்கி, மாதக் கடைசியில் அந்தத் தாளை ஒப்படைக்க வேண்டும். இல்லை என்று சொல்லவைப்பதற்காக ஒரு மனிதன் பஸ் ஏறிப் போக வேண்டும். அந்த அதிகாரியின் மூளைக்கு ஒரு மாலை வாங்கிப் போடலாம்.

தாளில் பொய் இருப்பது தெரிந்தால் பெயரை அடித்துவிடுவார்கள். பணம் போவதுகூடப் பெரிதில்லை. பதிவு போய்விடும், பதிவோடு சீனியாரிட்டி போய்விடும். மறுபடி பதிந்தால் வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டியதுதான். தமிழ்வாணன் எண்பத்திரண்டில் பதிந்தவன். ஒன்பது வருஷம் நகர்ந்து நகர்ந்து, போன வாரம்தான் அவனுக்கு முதல் கார்டு வந்திருந்தது. ஒரு அரசாங்க அலுவலகத்தில் உதவியாளர் வேலை, இருபத்தொன்பதாம் தேதி நேர்முகம். அவன் மனைவி சரோஜா அந்தக் கார்டுக்கு மஞ்சள் தடவி சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள். தினமும் ஒரு தடவை எடுத்துத் தேதியைப் பார்த்துவிட்டுத் திரும்பச் செருகுவாள்.

முத்திரை விஷயத்தில் அவனுக்கு ஒரு கூட்டாளி உண்டு. பென்னலூரில் அதே தெருவில் நாலு வீடு தள்ளியிருக்கும் தாண்டவராயன். சின்ன வயதிலிருந்து சிநேகிதன், அவனும் அதே உதவித்தொகைக்காரன். இரண்டு பேரும் ஒவ்வொரு மாதமும் அலைவானேன் என்று முறை வைத்துக்கொண்டார்கள். ஒரு மாதம் இவன், ஒரு மாதம் அவன். போகிறவன் இரண்டு தாள்களையும் எடுத்துப் போவான். ஒவ்வொரு வாசலிலும் ஒரு ரெஜிஸ்தர் இருக்கும். பெயர், ஊர், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம். போகிறவனே இரண்டு பெயரையும் எழுதி, ஒன்றை நேராகவும் இன்னொன்றைச் சாய்த்தும் கையெழுத்துப் போட்டுவிடுவான். வாட்ச்மேன் தலையை எண்ணுவதில்லை, தாளைத்தான் எண்ணுவார்.

மே மாதம் ஸ்ரீபெரும்புதூர்த் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்த பிறகு நிலைமை மாறியது. லாட்ஜ், டீக்கடை, கம்பெனி என்று எங்கே போனாலும் நீ யார், எந்த ஊர் என்றார்கள். ரோட்டில் பத்தடிக்கு ஒரு போலீஸ். ரெஜிஸ்தர்களைத் திடீர் திடீரென்று வாங்கிப் பார்த்தார்கள். முறை வைப்பதை நிறுத்திவிடலாமா என்று தமிழ்வாணன் ஒரு தடவை கேட்டான். "பயந்தாங்கொள்ளி, ஒன் பேர நான் கெடுப்பனா" என்று தாண்டவராயன் சிரித்தான்.

ஜூலை மாதம் தாண்டவராயனின் முறை. செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டு தாள்களையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு போனவன் மத்தியானம் வரவில்லை, சாயங்காலமும் வரவில்லை. அவன் அம்மா கிளியம்மாள் இருட்டுவதற்கு முன் இரண்டு தடவை வந்து விசாரித்தாள். சுங்குவார்சத்திரத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருப்பான் என்று தமிழ்வாணன் சமாதானம் சொல்லி அனுப்பினான். சிநேகிதனைப் பற்றி அவன் கவலைப்படவில்லை. தாளைப் பற்றித்தான் கவலைப்பட்டான். இதை ஒளிப்பதில் பயனில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தெருவில் ஒரு ஜீப் வந்து நின்றது.

ஜீப் என்றதும் அலுவலகத்திலிருந்துதான் என்று அவன் முடிவு கட்டிவிட்டான். போன மாதம் ஒரகடம் பக்கம் ஒருத்தன் வீட்டுக்கு இப்படித்தான் ஜீப்பில் வந்து விசாரித்து, அவன் மாவு மில்லில் வேலை செய்வதைக் கண்டுபிடித்துப் பெயரை அடித்துவிட்டார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. ஜீப்பிலிருந்து இறங்கியவருக்கு ஐம்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, கையில் பழுப்பு ஃபைல், காதில் பேனா. அதிகாரி என்று நெற்றியில் எழுதி ஒட்டாத குறை.

"தமிழ்வாணன் வூடு இதானே?"

"ஆமா சார்."

"நீ யாரு?"

நான்தான் என்று சொல்லியிருந்தால் எல்லாம் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். ஆனால் வேலை தேடி அலைகிறவன் காலை பத்து மணிக்கு லுங்கியோடு வீட்டில் நிற்கலாமா? வந்தவர் கேட்டால் காட்டத் தாளும் கையில் இல்லை. தமிழ்வாணனின் நாக்கு அவனைக் கேட்காமலே புரண்டது.

"அவரு தம்பி சார்."

"அவரு எங்க?"

"வேலை தேடிப் போயிருக்காரு."

"எப்போ போனாரு?"

தாளில் விழுந்திருக்கும் தேதி செவ்வாய்க்கிழமை. அதற்குப் பொருந்த வேண்டும் என்று அவன் யோசித்தான்.

"நேத்து காலைல சார். மூணு கம்பெனிக்குப் போறேன்னு சொன்னாரு. கடைசியா ஸ்பிரிங் கம்பெனி."

அதிகாரியின் பேனா நின்றது. அவர் நிமிர்ந்து அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பார்வை அதட்டலாக இல்லை. ஏதோ விலை போட்டுப் பார்ப்பது போல இருந்தது.

"திரும்பி வந்தாரா?"

வந்துவிட்டார் என்றால் தாளை எடு என்பார்.

"இன்னும் வர்ல சார்."

"கையில இன்னா எடுத்துக்கினு போனாரு?"

"ஒரு பிளாஸ்டிக் கவரு. அதுல ஆபீஸ் பேப்பரு."

ஒவ்வொரு பதிலும் கச்சிதமாக விழுந்ததில் தமிழ்வாணனுக்கு உள்ளுக்குள் ஒரு திருப்திகூட ஏற்பட்டது. வந்தவர் எல்லாவற்றையும் எழுதி ஃபைலை மூடினார்.

"சட்டையைப் போட்டுக்கினு வண்டில ஏறு."

"எங்க சார்?"

"ஒங்க அண்ணனைக் காட்டறேன்."

அவனுக்கு அண்ணனே கிடையாது. வீட்டுக்கு ஒரே பிள்ளை. சரோஜா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். வேண்டாம் என்று சொல்லத் தைரியமில்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு ஏறினான்.

ஜீப் அலுவலகத்துக்குப் போகும் ரோட்டில் திரும்பவில்லை. ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி ஒரகடம் ரோட்டைப் பிடித்தது. வழியில் போலீஸ்காரர் ஒருவர் கை காட்டி நிறுத்தி, குனிந்து உள்ளே பார்த்தார். "ஸ்பிரிங் கம்பெனி வண்டி சார். நான் டைம் ஆபீஸ் முனிரத்தினம்" என்றார் வெள்ளைச் சட்டைக்காரர். தமிழ்வாணனைக் காட்டி, "இது யாரு?" என்று போலீஸ்காரர் கேட்டார். "நம்ம ஆளுதான்" என்றார் முனிரத்தினம். ஜீப் கிளம்பியது. அப்போதுதான் தமிழ்வாணனுக்கு உறைத்தது, இவர் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்காரரே இல்லை. கம்பெனிக்காரர். யாரிடம், எதற்காகப் பொய் சொன்னோம் என்று தன் பதில்களை ஒவ்வொன்றாகத் திரும்ப ஓட்டிப் பார்த்தான்.

கம்பெனியின் பெரிய கேட் திறந்தது. வழக்கமாக அவன் வெளியே நின்று முத்திரை வாங்கும் ஜன்னல் இப்போது உள்பக்கமாகத் தெரிந்தது. ஜன்னலுக்குப் பின்னால்தான் டைம் ஆபீஸ் இருந்தது. முனிரத்தினம் அவனை உட்காரவைத்து ரெஜிஸ்தரைத் திருப்பி அவன் முன்னால் வைத்தார்.

தாண்டவராயன், பென்னலூர். உள்ளே வந்த நேரம் 11.40. வெளியே போன நேரம் 11.55.

தமிழ்வாணன், பென்னலூர். உள்ளே வந்த நேரம் 11.40. அதற்கடுத்த கட்டம் வெறுமையாக இருந்தது.

"நேத்து மூணு மணிக்கு எண்ணெய்த் தொட்டி பத்திக்கிச்சு" என்றார் முனிரத்தினம். "காய்ச்சின ஸ்பிரிங்கை முக்கற தொட்டி. ஒரு ஆளு உள்ள மாட்டிக்கினான். எங்க ஆளுங்க எல்லாரும் வெளிய போயிட்டாங்க, கார்டு அடிச்சிருக்காங்க, சரியா கீது. இந்த ஒரு பேருதான் உள்ள வந்துட்டு வெளிய போகல."

தமிழ்வாணன் அந்த வெறும் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நடந்தது என்னவென்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாசலில் முத்திரை வாங்கிக்கொண்டிருந்தவனை ஏதோ ஒரு மேஸ்திரி, அரை நாள் கூலி இருக்கிறது வருகிறாயா என்று கூப்பிட்டிருக்கிறான். வேலை செய்தது தெரிந்தால் உதவித்தொகை போய்விடும். அதனால் தாண்டவராயன் தன் பெயரை வெளியே அனுப்பிவிட்டு, சிநேகிதன் பெயரில் உள்ளே போயிருக்கிறான். அவன்மேல் கோபப்படக்கூட தமிழ்வாணனுக்கு யோக்கியதை இல்லை. ஏப்ரல் மாதம் பெயின்ட் கம்பெனி வாசலில் இரண்டு நாள் மூட்டை தூக்கக் கூப்பிட்டபோது, பேர் என்ன என்று கேட்ட மேஸ்திரியிடம் அவன் கொஞ்சமும் யோசிக்காமல் தாண்டவராயன் என்று சொல்லியிருந்தான். அதை அவனிடம் இன்றுவரை சொல்லவில்லை.

முனிரத்தினம் எழுந்து பின்கட்டுக்கு அழைத்துப் போனார். முதலுதவி அறைக்குப் பக்கத்தில், உடைந்த நாற்காலிகள் போட்டுவைக்கும் அறை. உள்ளே எண்ணெய் தீய்ந்த நாற்றம் தொண்டையைப் பிடித்தது. தரையில் ஓர் உடல் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது.

"மொகம் பாக்காத. பாத்தாலும் தெரியாது" என்று சொல்லிவிட்டு அவர் தார்ப்பாயைக் கால் பக்கம் மட்டும் விலக்கினார்.

யாரோ கழற்றிப் போட்ட பழைய பூட்ஸைக் கூலிக்காரனுக்குக் கொடுத்திருப்பார்கள் போல. அதைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார்கள். பாதம் இரண்டும் வேகாமல் இருந்தன. வலது குதிகாலில் பிறை மாதிரி ஒரு தழும்பு. ஏழாவது படிக்கும்போது தமிழ்வாணன் வாடகை சைக்கிள் எடுத்து ஓட்ட, பின்னால் உட்கார்ந்திருந்த தாண்டவராயனின் கால் சக்கரத்துக்குள் போய்விட்டது. ரத்தம் கொட்டியது. யார் ஓட்டியது என்று வீட்டில் கேட்டபோது, நான்தான் ஓட்டினேன், நானேதான் விழுந்தேன் என்று தாண்டவராயன் சொல்லி அடியையும் வாங்கிக்கொண்டான்.

தமிழ்வாணனுக்கு அழுகை வந்தது. அதைவிடப் பெரிதாகப் பயம் வந்தது.

"பாத்துச் சொல்லு" என்றார் முனிரத்தினம். "ஒங்க அண்ணன்னா அண்ணன்னு சொல்லு. வேலை கேக்க வந்தவரு, சொல்லாம கொள்ளாம உள்ள பூந்துட்டாருன்னு ஒரு கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துக்கினு போவலாம். இல்லன்னா இல்லன்னு சொல்லு. எங்களுக்கு இன்னும் சுளுவு."

"இல்லன்னா இன்னா பண்ணுவீங்க சார்?"

"எவனோ திருட்டுப் பேர் குடுத்து உள்ள வந்திருக்கான்னு போலீசுக்கு எழுதுவோம். இப்போ கீற நெலமையில, பேர் தெரியாத ஆளு, மொகம் தெரியாத பொணம்னா அவங்க இன்னா நெனைப்பாங்களோ, அது அவங்க பாடு. தேடிக்கினு யாரும் வர மாட்டாங்க. வந்தாலும் இங்கேர்ந்து நஷ்டஈடுன்னு ஒண்ணும் பேராது."

தமிழ்வாணன் தழும்பைப் பார்த்தபடி நின்றான். இது பென்னலூர் தாண்டவராயன், கிளியம்மாள் மகன் என்று சொன்னால் போதும். பிணமாவது வீடு போய்ச் சேரும். ஆனால் அடுத்த கேள்வி, அப்படியானால் தமிழ்வாணன் எங்கே என்று வரும். அதற்கடுத்து, ரெஜிஸ்தரில் இரண்டு பெயரையும் யார் எழுதியது என்று வரும். எல்லாம் எழுத்தில் ஏறும். எழுத்தில் ஏறியது அலுவலகத்துக்குப் போகும். இருபத்தொன்பதாம் தேதிக்கு இன்னும் ஐந்தே நாள். மஞ்சள் தடவிய கார்டும், தினமும் அதை எடுத்துப் பார்க்கும் சரோஜாவும் அவன் கண்முன்னால் நின்றார்கள்.

"இது எங்க அண்ணன் இல்ல சார்" என்றான்.

அன்று காலையிலிருந்து அவன் வாயில் வந்த முதல் உண்மை அதுதான். அதைவிட ஈனமான வார்த்தையை அவன் தன் ஆயுளில் சொன்னதில்லை.

"யாருன்னாவது தெரியுமா?"

"தெரியாது சார்."

முனிரத்தினம் தார்ப்பாயை இழுத்து மூடினார். டைம் ஆபீசுக்கு வந்து நாலு வரி எழுதி நீட்டினார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் தம்பியின் பெயரைக் கேட்டார். தமிழ்வாணனுக்கு வேறு பெயர் வாயில் வரவில்லை. செத்துப்போன தன் அப்பாவின் பெயரைச் சொல்லி, கன்னியப்பன் என்று சாய்த்துக் கையெழுத்துப் போட்டான். கை நன்றாகத்தான் ஓடியது. ஒன்றரை வருஷப் பழக்கம்.

ஜீப் அவனைப் பென்னலூர் கூட்டுரோட்டில் இறக்கிவிட்டது. இறங்கியவனைக் கூப்பிட்டு முனிரத்தினம் சீட்டுக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்துக் கொடுத்தார். உள்ளே இரண்டு தாள்களும் மடங்காமல் இருந்தன. இரண்டிலும் மும்மூன்று முத்திரைகள். காலியிடம் இல்லை. காலியிடம் இல்லை. காலியிடம் இல்லை.

"ஜன்னலாண்ட கெடந்துது. இங்க இருந்தா எங்களுக்குத் தலவலி" என்றார். ஜீப் உறுமிக் கிளம்பியது. அவர் தலையை வெளியே நீட்டினார். "அடுத்த மாசம் நீயே அலையாத. பேப்பரோட நேரா எங்கிட்ட வா, போட்டுத் தரேன். ஜன்னலாண்ட ஒன்ன எத்தினி தபா பாத்திருக்கேன் தமிழ்வாணா."

புழுதி அடங்குகிறவரை அவன் அங்கேயே நின்றான். முதல் பொய்யைச் சொல்லும்போதே அவருக்குத் தெரிந்திருக்கிறது. கன்னியப்பன் என்று அவன் போட்ட கையெழுத்து இப்போது அவருடைய பழுப்பு ஃபைலுக்குள் இருந்தது. வேண்டும்போது அவர் அதை எடுத்துக்கொள்ளலாம். எதற்கு வேண்டுமானாலும் அவனைக் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

வீட்டு வாசலில் சரோஜா உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் கிளியம்மாள். வெகுநேரமாக அங்கேயே இருக்கிறாள் என்பது அவள் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. அவனைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். அவள் கண் அவன் முகத்துக்குப் போகவில்லை, கையில் இருந்த கவருக்குப் போனது. அது அவள் தங்கை வீட்டுக் கல்யாணப் புடவை வந்த கவர். ஓரத்தில் கிழிந்த இடத்தில் அவள்தான் நூல் போட்டுத் தைத்துக் கொடுத்திருந்தாள்.

"இத்த அவன்தானே எடுத்துக்கினு போனான்? அவன் எங்கடா தமிழு?"

கிளியம்மாள் கவரை வாங்கித் தாள்களை வெளியே எடுத்தாள். படிக்கத் தெரியாதவள், ஆனால் எண்ணத் தெரியும்.

"ரெண்டுமே கீதே. அவன் பேப்பரையும் ஏன் ஒன்னாண்ட குடுத்துட்டான்?"

அவன் இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தான். சத்தியமாக நினைத்தான். பெரிம்மா என்று ஆரம்பித்தும்விட்டான். அதற்குள் அவள் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

"டேய், அவனுக்கு வேலை கெடச்சிருச்சா? அதான் இந்த பேப்பரு இனிமே வாணாம்னு குடுத்தனுப்பிச்சானா?"

சரோஜாவும் கீரையை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு பெண்களும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆமா பெரிம்மா" என்றான்.

"எந்தக் கம்பெனிடா?"

"ஸ்பிரிங் கம்பெனி."

"அதான் ராத்திரி வர்லியா? ஷிப்டா?"

"ஷிப்டுதான்."

கிளியம்மாள் தாள்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். நேற்றிலிருந்து என்னென்னவோ நினைத்துவிட்டேன் என்று சரோஜாவிடம் சொல்லிச் சிரித்தாள். பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள்.

"காசுகூட எடுத்துக்கினு போகலியேடி. இன்னா துன்னானோ. நாளைக்குச் சோறாக்கி நானே கேட்டாண்ட எடுத்துக்கினு போறேன். என்ன உள்ள வுடுவானுங்களா தமிழு? ஒன் பேரச் சொல்றேன். தமிழ்வாணன் சிநேகிதனோட அம்மா, அவன்தான் அனுப்பிச்சான்னு சொன்னா வுட மாட்டானுங்களா?"

சரோஜா உள்ளே போய்த் தன் சீரில் வந்த மூன்றடுக்குக் கேரியரை எடுத்து வந்தாள். அதை அவள் யாருக்கும் இரவல் கொடுப்பதில்லை. துடைத்துக் கிளியம்மாள் கையில் வைத்துவிட்டு, "அடுத்தது ஒங்களுக்குத்தான்" என்று புருஷனைப் பார்த்துச் சொன்னாள்.

கிளியம்மாள் கேரியரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இரண்டடி போனவள் திரும்பினாள்.

"காலைல கேட்டு எத்தினி மணிக்குத் தொறப்பானுங்க?"

"எட்டரைக்கு" என்றான் தமிழ்வாணன்.